அவசரப்படாத முழங்கை

அண்ணன் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறான். 10 புல்-அப்ஸ் எடுத்தால் முழுசாக 40 மார்க். பரளச்சி கண்மாய்க்கரை வேப்பங்கிளையில் நானும் அவனோடு எடுப்பேன். மூணாம் மாசம் ரெண்டு பேருக்கும் முழங்கை உள்பக்கம் சுள்ளென்று வலி. அடிபம்பு அடிக்கவே முடியல.

"வலியோட எடுத்தாத்தான்டா பலம்" என்றார்கள் கூட்டாளிகள்.

பி.டி. சார் விளக்கினார்: "தசை சீக்கிரம் பலமாயிரும். அதை எலும்போட கட்டுற தசைநாண் மெதுவாத்தான்டா தேறும்." சச்சினுக்கே முழங்கை வெளிப்பக்கத் தசைநாண் வலித்து, 2005-ல் ஆபரேஷன் நடந்ததாம்!

புல்-அப்ஸைப் பாதியாகக் குறைத்தோம். தினமும் உள்ளங்கை மேலே பார்க்கத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கினோம். 15 தடவை, மூணு சுற்று. ரெண்டு மாசத்தில் வலி அடங்கியது. அண்ணன் இப்போ எட்டு எடுக்கிறான்.

நண்பர்களே, பொறுமையும் ஒரு உடற்பயிற்சிதான்!

- 10-ஆம் வகுப்பு மாணவன்