சிவப்புத் துணி தூக்கின கதை

திருப்பூர்,
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

என் அருமை வாயாடிக்கு,

போன் பண்ணினால் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து "யாரு, என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சொல்லப்போவதெல்லாம் ஆளை வைத்துக்கொண்டு பேசுகிற சமாச்சாரம் இல்லை. அதனால்தான் கடுதாசி. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் சூடான சேதி. அயர்ன் மாஸ்டரும் செக்கிங்கில் இருக்கிறாளே அந்தச் சுருட்டை முடிக்காரி, அவளும் தினமும் ஒன்றாக டீ குடிக்கிறார்கள். அவள் பார்த்து அனுப்புகிற பீஸை மட்டும் மனுஷன் பூ மாதிரி தேய்க்கிறார். மற்றவர்கள் அனுப்பினால் பாதி சுருக்கம் அப்படியே இருக்கும். பேக்கிங்கில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

அடுத்த சேதி நான்தான். நம் லைனுக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். சிரிக்காதேடி. நாம் 'இடிமுழக்கம்' என்று பெயர் வைத்தோமே அந்த மேஸ்திரி, சொந்தமாகப் பவர் டேபிள் போட்டுக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு மிஷினாம். அங்கே யார் காது பாழாகிறதோ.

முதல் மாசம் நான் அடித்த கூத்தைக் கேள். கை வேகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டே, அதோடு போய் நின்றேன். எந்த மிஷினில் பீஸ் தேங்கினாலும் "எந்திரி, நான் தைக்கிறேன்" என்று ஆளைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நான் இந்தக் கோடியில் கை அட்டாச் பண்ணிக்கொண்டிருக்க, அந்தக் கோடியில் நூல் தீர்ந்து நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லேபிள் மாறி வந்திருக்கும். கேட் பாஸில் என் கையெழுத்து வேண்டுமென்று ஒருத்தி நின்றுகொண்டே இருப்பாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து போர்டைப் பார்த்தால், இடிமுழக்கம் இருந்தபோது வந்த கணக்குக்கும் கீழே. எனக்கு இடுப்பு ஒடிந்தது மட்டும்தான் மிச்சம்.

ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு சுற்றுமே ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) தம்பி, அது ஒருநாள் மெதுவாகக் கேட்டது: "அக்கா, நீங்க சூப்பர்வைசரா, இல்ல முப்பத்தொண்ணாவது டெய்லரா?" எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு நாள் அதோடு பேசவில்லை. மூணாவது நாள் தைக்க உட்காரப் போனேன், அந்தச் சொல் வந்து குத்தியது. உட்காரவில்லை.

நீ உட்கார்ந்திருந்த மிஷினில் இப்போது ஒரு ஒடிசாப் பொண்ணு. கழுத்து ரிப் அட்டாச். 'கை மெதுவு' என்று அவளுக்குப் பட்டமே கட்டியாச்சு. அன்றைக்கு அவளைக் கிளப்பாமல், ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்த்தால், அவள் தைக்கிறது மின்னல். ஆனால் ஒவ்வொரு பீஸுக்கும் முன்னால் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு ரிப்பை எடுக்கிறாள், கழுத்தில் வைத்து விரலால் அளக்கிறாள், போடுகிறாள், இன்னொன்று எடுக்கிறாள். கட்டிங்கிலிருந்து எஸ், எம், எல், எக்ஸெல் நாலு சைஸ் ரிப்பும் ஒரே மூட்டையில் வந்துகொண்டிருக்கிறது! ஒன்பது மாசமாக. தேடுகிற நேரம் தைக்கிற நேரத்தைவிட ஜாஸ்தி.

மறுநாள் காலையில் எடுபிடிக்கு இருக்கிற ஒரு கைமடிப் பொண்ணை விட்டு நாலு கூடையில் பிரித்து வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான் வைத்தியம். இப்போது அவளுக்குப் பீஸ் கொடுத்துத் தீரவில்லை.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். பாஷை தெரியாது, சரி. தமிழ் தெரிந்த நாம் மட்டும் சொன்னோமா? ஓவர்லாக் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி டேப்பில் ஒட்டிக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புது ஊசி தருவார்கள். குழந்தைச் சட்டைக்குள் ஊசி முனை போய்விடக் கூடாது, சட்டம் நியாயம்தான். ஆனால் ஸ்டோர் இருந்தது மாடியில், ஸ்டோர்க்காரர் இருந்தது டீக்கடையில். படியேறி இறங்கினதுக்கும் நாம்தானே திட்டு வாங்கினோம்! அதைச் சரிபண்ண மேனேஜரிடம் மூணு தரம் வாயால் கேட்டேன், "பார்க்கலாம்மா" என்றார். நாலாவது தரம், ஒரு வாரம் ஊசிக்காக யார் யார் எத்தனை நிமிஷம் நின்றார்கள் என்று நோட்டில் எழுதி, கூட்டி, அவர் மேஜையில் வைத்தேன். புதன்கிழமை ஸ்டோர் மேஜை கீழே இறங்கிவிட்டது. மாடி ஜன்னலில் நின்றால் டீக்கடை நேராகத் தெரியுமாம். அதனால் ஸ்டோர்க்காரர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஐ.இ. தம்பியோடு ராசியானதும் அது ஒரு கதை சொன்னது. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒரு தச்சர் மகன். 1924-ல் அவர் முடித்த தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அதை வைத்துத்தான் அவர்களுடைய டொயோட்டா கார் கம்பெனியில் தொழிலாளி தலைக்கு மேலே கயிறு கட்டினார்களாம். கோளாறென்றால் இழுக்க வேண்டியது, டீம் லீடர் ஓடி வருவார், அப்போதும் தீரவில்லையென்றால் லைனே நிற்கும். அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடின தொழிற்சாலையை 1984-ல் டொயோட்டாவும் சேர்ந்து திறந்தபோது, பெரும்பாலும் பழைய ஆட்களையே எடுத்து, அவர்கள் கையிலும் இந்தக் கயிற்றைக் கொடுத்தார்களாம். நம்ம ஊர் பனியன் கம்பெனிக்குக் கயிறெல்லாம் எங்கே? வேஸ்ட் துணியில் சிவப்பாக முப்பது துண்டு கிழித்து, மிஷினுக்கு ஒன்று கொடுத்து, "பிரச்சினைன்னா கோன் ஸ்டாண்டு மேல தூக்கிக் கட்டுங்க, நான் வர்றேன்" என்றேன்.

நாலு நாள் ஒரு துணிகூட ஏறவில்லை. நம் லைனில் கையைத் தூக்கினவர்கள் என்ன வாங்கினார்கள் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறதே. அஞ்சாம் நாள் ஏறினது, அந்த ஒடிசாப் பொண்ணோடது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவ்வளவு பேசிவிட்டு, துணியைப் பார்த்ததும் என் வாயில் வந்தது, "என்ன இப்ப?" அச்சு அசல் இடிமுழக்கம் குரல். அந்தப் பொண்ணு துணியை அவிழ்க்கப் போனாள். முப்பது மிஷினும் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையில் "போலோ, போலோ" என்றேன். விஷயம் ஒன்றுமில்லை, ரிப் கூடையில் எல் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் அடுத்த துணி ஏற ஒரு வாரம் ஆச்சு. என்னுடைய அந்த ரெண்டு வார்த்தைக்கு ஏழு நாள் தண்டனை.

இப்போது ஒரு நாளைக்கு அஞ்சாறு ஏறுகிறது. பாதிக்கு அவர்களே வழியும் சொல்லிவிடுகிறார்கள். கேட் பாஸில் கையெழுத்துப் போடுகிற வேலையை செக்கிங் அக்காவிடம் விட்டுவிட்டேன். கொடுக்க மனசே வரவில்லை, அது வேறு.

நேற்று சனிக்கிழமை. சம்பளம் லேட், ஷிப்மென்ட் நெருக்கடி, மேனேஜரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வந்த வேகத்தில் கைமடிப் பொண்ணைப் பிடித்துக் கத்த ஆரம்பித்தேன். திரும்பினால் மூணு மிஷினில் ஒரே நேரத்தில் சிவப்புத் துணி. ஓடினேன். "என்னம்மா, ஊசியா? நூலா?" ஒருத்தியும் நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. கடைசியில் ஒடிசாக்காரிதான், இப்போது தமிழ் நன்றாக வருகிறது அவளுக்கு, "அக்கா, கோளாறு மிஷின்ல இல்ல" என்றாள்.

அடுத்த மாசம் வரும்போது சாத்தூர் காராசேவு ரெண்டு கிலோ கொண்டு வா. ஒரு கிலோ லைனுக்கு. அயர்ன் மாஸ்டருக்குத் தனியாக வேண்டாம், அவள் பங்கிலேயே சாப்பிட்டுக்கொள்வார்.

உன்,
முப்பத்தொண்ணாவது டெய்லர்