தோட்டாவும் பொறுப்பும்

1907ஆம் ஆண்டில், இமயமலைச் சாரலில் உள்ள சம்பாவத் என்னும் ஊரருகே, 436 மனிதரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி ஒன்றை ஜிம் கார்பெட் எதிர்கொண்டார். அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். கனத்த துப்பாக்கிக்கு இரண்டு போதும், மூன்றாவது ஆபத்து வேளைக்கு என்பது அவர் போட்ட கணக்கு. முதற்குண்டு வீணாயிற்று. அடுத்த இரண்டும் தைத்தும் புலி விழவில்லை. உடன் வந்திருந்த தாசில்தாரிடம் ஓடி, அவருடைய பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட்ட பின்னரே வேட்டை முடிந்தது.

கொடிய விலங்கை எதிர்கொள்பவனுக்கு ஏற்ற தோட்டா எது? பெரியதே சிறந்தது என்று கூறிவிடத் தோன்றும். 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும் தோட்டா, ஏறத்தாழ 32 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 650 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. ஆயின், அதன் பின்னுதைப்பு சுடுபவனின் தோளையும் விட்டுவைப்பதில்லை. உதைக்கு அஞ்சியவன் விசையை இழுக்கும் கணத்திலேயே கண்ணை மூடிக்கொள்வான், குறி தவறும். தவறிய குண்டுக்கு எத்துணை வலிமை இருந்தென்ன?

சம்பாவத் வெற்றிக்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது 275 ரிக்பி என்னும் சிறிய துப்பாக்கி. அதே வகைத் தோட்டாவைக் கொண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் யானைகளை வீழ்த்தியவர் பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் வாழ்நாளில் சுட்ட யானைகள் ஆயிரத்திற்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவை, 11 கிராம் எடையே உள்ள அச்சிறு குண்டுக்கே இரையாயின. யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை இருக்கும் இடத்தை அவர் ஆராய்ந்து அறிந்திருந்தார். எலும்பில் பட்டு நசுங்காத, முழுவதும் உலோக உறையிட்ட குண்டையே பயன்படுத்தினார்.

அவரைப் பார்த்து எல்லாரும் சிறு தோட்டாவை நாடினால் விளைவு என்னாகும்? புதர் மறைவிலிருந்து பாய்ந்து வரும் விலங்கு, குறிபார்க்கக் காத்து நிற்பதில்லை. மூளைக்கு அருகே பட்ட கனத்த குண்டு யானையைத் திகைக்கவேனும் செய்யும். இலேசான குண்டோ அதன் சினத்தையே வளர்க்கும். ஆகவேதான், உரிமம் பெற்ற வேட்டை இன்றும் நடைபெறும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், இத்தகைய விலங்குகளுக்கு 375 அளவே குறைந்தபட்ச எல்லையாக விதிக்கப்பட்டுள்ளது. 1912இல் வெளிவந்த 375 மேக்னம் தோட்டாவின் குண்டு 19 கிராம் எடையுள்ளது. ஆழ ஊடுருவும் ஆற்றல் அதற்கு உண்டு. பழகிய தோள் அதன் உதையையும் தாங்கும். வலிமைக்கும் குறி தவறாமைக்கும் இடையே கண்ட நடுவழி எனலாம்.

முயலை வீழ்த்தியவனினும் யானையைத் தாக்கித் தவறவிட்டவனையே வள்ளுவர் மேலாக மதித்தார். அது போர்க்களத்தின் பெருமை. காட்டிலோ, குண்டு பட்டும் சாகாமல் தப்பிய விலங்கு வேறு கதை சொல்கிறது.

இறந்து கிடந்த அப்பெண்புலியின் வாயைக் கார்பெட் திறந்து பார்த்தார். வலப்புறத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்பு வரையிலும் முறிந்திருந்தன. முன்னொரு நாள் யாரோ சுட்ட குண்டின் விளைவு அது. மானையும் பன்றியையும் பற்றிக் கொல்ல இயலாமற்போனமையாலேயே அது மனிதரை நாடியது என்று அவர் எழுதினார்.

பல்லை உடைத்த குண்டைச் சுட்டவன் தன் வழியே போய்விட்டான். அதற்கு விலை கொடுத்தவர்களோ, விறகு பொறுக்கவும் தழை ஒடிக்கவும் காட்டோரம் சென்ற ஏழைப் பெண்கள். ஒரே குண்டில் உயிரைப் போக்கும் தோட்டாவும், அதை உரிய இடத்தில் செலுத்தும் பயிற்சியும் ஒருங்கே இல்லாதவன் துப்பாக்கியைத் தொடாதிருப்பதே அறம்.