எந்திரமும் ஓடமும்

முக்கொம்பில் காவிரியினின்றும் பிரியும் கொள்ளிடம், திருமழபாடியருகே அகன்ற மணற்பரப்பாய்க் கிடக்கின்றது. கோடையில் நடந்தே கடக்கத்தக்க அவ்வாறு, மேட்டூர் அணை நிரம்பி வழியும் நாள்களில் பெருவெள்ளமாய்ப் புரண்டோடும்.

அத்துறையில் ஓடக்காரர் ஒருவர் இருப்பதாகக் கொள்க. அவருடைய ஓடம் சிறியது, எடையும் குறைந்தது. அவர் அண்ணன் மகன் பழைய பத்துக் குதிரைத்திறன் எந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி வருகின்றான். ஓடத்தின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் இவ்வகை எந்திரத்தை, நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்பார் 1909 ஆம் ஆண்டில் செப்பம் செய்து பரவச் செய்தார்.

"சித்தப்பா, இன்றே மாட்டிவிடலாம்" என்கிறான் இளைஞன்.

"பொறு தம்பி! ஓடம் தாங்குமா என்று முதலில் பார்ப்போம்" என்கிறார் அவர்.

எந்திரத்தின் எடைக்கு ஒரு மூட்டை, எண்ணெய்க் கலத்தின் எடைக்கு ஒரு மூட்டை என ஆற்றுமணலை நிறுத்துக் கட்டுகின்றார். இரண்டையும் ஓடத்தின் பின்புறம் வைத்து, கரையோரத்து ஆழமில்லா நீரில் மகனையும் அங்கே அமர்த்துகின்றார். அணியம் மேலெழுகின்றது, பின்பலகையோ நீருக்கு மேல் நான்கு விரற்கடையே நிற்கின்றது.

"நிற்கும்போதே இந்நிலை. விரையும் ஓடம் சட்டென்று நின்றால், பின்தொடரும் அதன் அலையே பலகைமீது ஏறி உள்ளே புகாதா? வெள்ளத்தில் திட்டில் அகப்பட்டோரை மீட்கச் செல்லும் ஓடம், தானே மூழ்கலாமா?"

இளைஞன் வாயடைத்து நிற்கின்றான்.

எடை மட்டுமன்று, தண்டின் நீளமும் பொருந்த வேண்டும். குட்டைத் தண்டு ஏறத்தாழ 15 அங்குலம். நெட்டைத் தண்டு 20 அங்குலம். பின்பலகையின் உயரத்திற்குத் தண்டு குட்டையாயின், விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். நெட்டையாயின், மணல்மேட்டில் மோதும். பழைய எந்திரம் பலவற்றில் விசிறியருகே மெல்லிய ஊசி ஒன்று உண்டு. விசிறி மோதும்போது அது தான் முறிந்து பற்சக்கரங்களைக் காக்கும். ஆதலின் மாற்று ஊசியின்றி ஆற்றில் இறங்கலாகாது.

எண்ணெய் மூட்டையை நடுவே நகர்த்திப் பார்த்தும் பின்புறம் போதிய அளவு எழவில்லை. ஆகவே, பெரிய எந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துச் சிறியதொன்றைப் பெறுகின்றனர். இலேசான ஓடத்தை ஓட்டச் சிற்றாற்றலே போதுமன்றோ?

"பெருவெள்ளத்தை இச்சிற்றெந்திரம் எதிர்க்குமா, சித்தப்பா?"

"எதிர்க்காது. அந்நாளில் ஓடத்தைக் கரையில் கட்டிவைப்போம். நம் ஓடத்திற்குரிய வேலை வேறு; பேரோடத்திற்குரிய வேலை வேறு."

செய்யும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பதன் வலிமை ஆகியவற்றை எண்ணிச் செயற்படுவதற்கென்றே வள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். பெரிய ஆற்றல் உடைமை மட்டும் பெருமையன்று. தாங்கும் அளவறிந்து ஏற்றலே அறிவு. கரையில் மணல்மூட்டை கொண்டு கற்கும் பாடத்தை, நடுவாற்றில் உயிர் கொடுத்துக் கற்க வேண்டுவதில்லை.