விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறிவரும் பெருந்தெரு கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டும் இடத்தில், பாறையைக் குடைந்து ஆங்கிலேயர் அமைத்த பழைய வழி இன்றும் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே, ஏற்றத்தில் களைத்த வாகனங்கள் நின்று செல்லும் தேநீர்க் கடையொன்றில், 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் வாரத்திலே தேர்தலை விடக் கிரிக்கட்டே அதிகம் பேசப்பட்டது. பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதமே எஞ்சியிருந்தது. ஊரடங்கு முற்றாக நீங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டுப் பிளேன்டீ அருந்தியவர்கள், குமார் சங்கக்கார பொலிஸ் விசாரணைக்குச் சென்ற செய்தியைத் திரும்பத் திரும்பப் பேசினர். கண்டித் திரித்துவக் கல்லூரி வளர்த்த பிள்ளை அவர். அப்பகுதியினருக்கு வீட்டுப் பிள்ளை போன்றவர்.

விவகாரம் ஒன்பது ஆண்டுகள் பழையது. 2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பாயில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 6 விக்கட்டுகளுக்கு 274 ஓட்டங்களைப் பெற்றது. மகேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்களை எடுத்தார். இந்தியா 4 விக்கட்டுகளை மட்டுமே இழந்து வென்றது. அரையிறுதியில் ஆடிய அணியிலிருந்து நால்வர் மாற்றப்பட்டமை அன்றே பலரின் புருவத்தை உயர்த்தியிருந்தது. 2020 ஜூனில், அந்த ஆட்டம் விற்கப்பட்டது என்ற கருத்துப்படத் தொலைக்காட்சியில் பேசினார் மகிந்தானந்த அளுத்கமகே. அவர் கண்டி மாவட்ட அரசியல்வாதி. 2011இல் விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்தவர். 2020இல் ஆளும் தரப்பைச் சேர்ந்தவர். அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் டலஸ் அழகப்பெரும விசாரணைக்குப் பணித்தார். விசாரித்தது, அந்த அமைச்சின் விளையாட்டுக் குற்றங்களுக்கான பொலிஸ் விசேஷ விசாரணைப் பிரிவு. 2011இல் தெரிவுக் குழுத் தலைவராயிருந்த அரவிந்த டி சில்வா, இறுதியாட்டத்தில் 20 பந்துகளுக்கு 2 ஓட்டங்களை எடுத்த உபுல் தரங்க, அணித்தலைவர் சங்கக்கார என ஒருவர் பின் ஒருவராக அழைக்கப்பட்டனர். சங்கக்கார ஏறத்தாழப் பத்து மணித்தியாலம் வாக்குமூலம் அளித்தார். மறுநாள் ஜூலை 3ஆம் திகதி, போதிய சான்று இல்லையெனக் கூறி விசாரணை முடிவுறுத்தப்பட்டது.

கடையில் இருந்தோர் இரு கூறாயினர். “பிள்ளைகளை வீணாக அலைக்கழித்தார்கள்” என்றனர் ஒரு சாரார். “இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை நாளில் முடிக்க முடியுமா? மூடி மறைத்துவிட்டார்கள்” என்றனர் மற்றையோர். இரு சாராரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டனர்: விசாரணையை எவரும் நம்பவில்லை. குற்றமற்றவர் என்றோரும் அதனை நம்பி அப்படிச் சொல்லவில்லை. குற்றம் உண்டு என்றோரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மூலையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்பர். பேசாதிருந்ததற்கு அவருக்குக் காரணம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர், தோட்டப் பாடசாலைகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில், வேறு ஆள் கிடைக்காமையால் அவரே நடுவராக நின்றார். ஆடிய இரு அணிகளில் ஒன்று அவர் கற்பித்த பாடசாலையின் அணி. கடைசிப் பந்தில் வெற்றிக்கு ஓர் ஓட்டம் தேவை. அவருடைய மாணவன் ஒருவன் துடுப்பை நீட்டிக்கொண்டு ஓடிவந்து விழ, பந்தும் விக்கட்டில் பட்டது. துடுப்பு கோட்டைக் கடந்து ஒரு சாண் உள்ளே இருந்ததை மாஸ்டர் தம் கண்ணால் கண்டார். ஆட்டமிழக்கவில்லை என்றார். எதிரணிப் பையன்கள் வாதாடவில்லை. ஒருவன் மட்டும், “அவர் அவங்கட சேர்தானே” என்றான். அத்துடன் எல்லோரும் பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டனர்.

அந்த ஒரு வாக்கியத்தில் குற்றச்சாட்டு இல்லை என்பதே கவனிக்கத்தக்கது. மாஸ்டர் பொய் சொன்னார் என்று அந்தச் சிறுவன் கூறவில்லை. அவர் யாருடைய ஆள் என்பதை மட்டுமே கூறினான். அது உண்மை; மறுக்க முடியாத உண்மை.

விசாரிப்பவரின் சுயாதீனம் பற்றிய வினா எழும்போதெல்லாம், அவரது நேர்மையை ஐயுறுவதாகவே பலர் கருதிக் கோபிக்கின்றனர். இரண்டும் வெவ்வேறு. இந்தியாவில் 2013இல் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. அந்நிறுவனத்தின் தலைமையில் இருந்த என். சீனிவாசனே இந்தியக் கிரிக்கட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவருமாவார். அவருடைய மருமகன் குருநாத் மெய்யப்பன் சூதாட்டக் குற்றச்சாட்டில் கைதானபோது, சபை ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைக் கொண்டு ஒரு குழுவை அமைத்தது. தவறு நடந்ததற்குச் சான்று இல்லை என்ற அதன் முடிவு ஜூலை 28ஆம் திகதி வெளிவந்தது. இரண்டே நாட்களில் பம்பாய் உயர் நீதிமன்றம் அக்குழு அமைக்கப்பட்டமையே சட்டத்துக்கு மாறானது என்றது. நீதிமன்றம் நோக்கியது அந்த இரு முதியவரின் மனச்சாட்சியை அன்று. அவர்கள் எந்த வழியால் அந்த ஆசனத்தை அடைந்தனர் என்பதையே. பின்னர் இந்திய உச்ச நீதிமன்றம் நியமித்த முட்கல் குழு, குருநாத் பந்தயம் கட்டியதாகக் கண்டது. 2015 ஜூலையில் சென்னை அணி இரண்டாண்டுகள் இடைநிறுத்தப்பட்டது.

சுயாதீனம் ஒருபுறமிருக்க, பெயர் என்பதும் உண்டு. பாகிஸ்தானில் நீதிபதி மலிக் கய்யூம் நடத்திய விசாரணையின் அறிக்கை 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. சலீம் மலிக்குக்கு வாழ்நாள் தடை விதிக்குமாறு அது பரிந்துரைத்தது. கிரிக்கட் உலகில் அதற்கு முன் அத்தகைய துணிவான அறிக்கை வந்ததில்லை எனலாம். ஆனால் மறு ஆண்டே, பெனாசிர் பூட்டோவுக்கு எதிரான வழக்கில் கய்யூம் பக்கச்சார்பாக நடந்தார் என்ற விவகாரத்தில் தமது பதவியையே துறக்க நேர்ந்தது. பின்னாளில் அவரே, வசீம் அக்ரமிடம் தமக்கிருந்த அபிமானத்தால் அவர் மீது சற்று மென்மையாக இருந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அறிக்கையின் எழுத்துகள் ஒன்றும் மாறவில்லை. ஆயினும் தண்டிக்கப்பட்டவன் தனக்கு மட்டும் ஏன் இந்தக் கடுமை என்று கேட்கவும், தப்பியவனைக் கண்டு ஊர் சிரிக்கவும் அந்த ஒப்புதல் இடம் கொடுத்துவிட்டது.

இலங்கை விசாரணைக்கு மீண்டால், ஓர் அமைச்சின் முன்னாள் தலைவர் கூறிய குற்றச்சாட்டை அதே அமைச்சின் விசாரணைப் பிரிவு, அவர் சார்ந்த அரசாங்கத்தின் கீழ், தேர்தல் காலத்தில் ஆராய்ந்தது. அந்த உத்தியோகத்தர்கள் கடமையைச் செவ்வனே செய்திருக்கலாம். செய்யவில்லை என்று சொல்ல எவரிடமும் ஆதாரம் இல்லை. வெளியே நின்ற சர்வதேசக் கிரிக்கட் சபையும், 2011 இறுதியாட்டத்தின் நேர்மையை ஐயுறத் தனக்குக் காரணம் எதுவும் இல்லை என்றும், அமைச்சர் அனுப்பியதாகச் சொன்ன கடிதம் தன்னிடம் பதிவில் இல்லை என்றும் அறிவித்தது. எனினும் கடுகண்ணாவைத் தேநீர்க் கடையில் அந்த அறிவித்தல் எடுபடவில்லை. குற்றஞ்சாட்டியவரோ தாம் கூறியது தமது சந்தேகமே என்று பிற்பாடு தணிந்தார். 2025 மே மாதத்தில், கரம் பலகைகளையும் தாம் பலகைகளையும் இறக்குமதி செய்த வேறொரு வழக்கில் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அது கேட்டுச் சிலர் மகிழ்ந்தனர். அதனால் 2011இன் கேள்வி தீர்ந்துவிட்டது என்றும் எண்ணினர். ஒருவரின் பெயர் கெட்டமை மற்றொருவருக்கு நற்சான்று ஆகாது. ஆட்டக்காரர்களுக்கு வேண்டியிருந்தது எவரும் மறுக்க இயலாத ஒரு விடுதலை. கிடைத்ததோ மூடப்பட்ட ஒரு கோவை.

விசாரணை முடிந்த அந்த வெள்ளிக்கிழமை மாலை, நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிவந்த லொறி ஒன்று கடை முன் நின்றது. இறங்கிய சாரதிக்கு ஐம்பது வயதை அண்மிய தோற்றம். மாஸ்டரைக் கண்டதும் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அன்று துடுப்பை நீட்டி விழுந்த மாணவன் அவரே. தொலைக்காட்சிச் செய்தியைச் சற்று நேரம் பார்த்து நின்றுவிட்டு, எதிரே வந்து அமர்ந்தார்.

“சேர், கோபிக்கக் கூடாது. ஒன்று கேட்கவேணும். அந்த மெச்சில நான் உண்மையாகவே உள்ளுக்கு வந்திருந்தேனா?”

மாஸ்டர் வெகுநேரம் அவரையே பார்த்தார். எதிரணிப் பையன்கள் கேட்டிருந்தால் அவர் வருந்தியிருக்க மாட்டார். யாருக்குச் சாதகமாக அந்தத் தீர்ப்பு விழுந்ததோ, அவனே இத்தனை ஆண்டுகளாக அதனை ஐயுற்று வந்திருக்கிறான்.

“வந்திருந்தாய், தம்பி. ஒரு சாண் உள்ளே.”

சாரதி தலையசைத்தார். சந்தோஷம் என்றார். பிறகு கடை நானாவிடம் இரண்டு தேநீருக்குமான காசைக் கொடுத்துவிட்டு, இருட்டுமுன் மலையிறங்க வேண்டுமென்று லொறியில் ஏறினார்.