லேபா கட்டும் கைகள்

செம்போர்ணா நகரத்துக்கு வெளியே, கடல்மேல் கால்நட்டுக் கட்டிய வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் ஏரா எனும் அடிமரம் போட்டு, பக்கத்துக்கு இரண்டு பலகை ஏற்றிய நிலையில் ஒரு லேபா படகு நின்றது. அறுபதைத் தாண்டிய ஒரு தச்சர் வாய்ச்சியால் அணியத்துக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் மகன் பலகை விளிம்பில் துளையிட்டான். பேரன் மர ஆணிகளைச் சீவிச் சீவி ஒரு பால்டின்னில் போட்டுக்கொண்டிருந்தான். வரைபடம் என்று எதுவும் அங்கே இல்லை. தூணில் ஓர் அளவுநாடா தொங்கியது. தச்சரோ சாணாலும் முழத்தாலும்தான் அளந்தார்.

லேபா, பாஜாவ் லாவுத் மக்களின் படகு. அவர்கள் தங்களைச் சாமா டிலாவுத், கடலின் சாமாக்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள். தென் பிலிப்பைன்ஸின் சூலு தீவுகள், மலேசியாவின் சபா கிழக்குக் கரை, இந்தோனேசியாவின் சுலாவெசியும் அதற்குக் கிழக்கே உள்ள தீவுகளும் என்று மூன்று நாடுகளின் கரைகளில் பரவியிருக்கும் இனம் இது. இவர்களில் நிலத்தில் குடியேறிய பாஜாவ்கள் சபாவின் பெரிய பூர்வகுடிகளில் ஒருவர். குடியுரிமை, பதவி, நிலம் எல்லாம் உள்ளவர்கள். கடலோடு நின்றுவிட்டவர்களின் கதைதான் வேறு. ஒரு தலைமுறைக்கு முன்புவரை அவர்களில் பலர் பிறந்தது, சமைத்தது, பிள்ளை பெற்றது, கண்மூடியது எல்லாம் லேபாவில்தான். இறந்தவரைப் புதைக்கக் கரைக்கு வந்தார்கள்.

ஜொகூரின் இளவரசி ஒருத்தி கடலில் காணாமல் போனாள், அவளைத் தேடப் போனவர்கள் திரும்ப முடியாமல் கடலிலேயே தங்கிவிட்டார்கள் என்று அவர்கள் மூதாதையர் கதை ஒன்று உண்டு. மொழியியலாளர்கள் வேறு திசையைக் காட்டுகிறார்கள். போர்னியோவின் தென்கிழக்கில் ஓடும் பாரிட்டோ ஆற்றுப்பக்கத்து மொழிகளோடு சாமா மொழிக்கு உறவு இருப்பதை ராபர்ட் பிளஸ்ட் எடுத்துக்காட்டினார். மடகாஸ்கரின் மலகாசி மொழியும் அதே பாரிட்டோ கிளையைச் சேர்ந்தது. ஒரே ஆற்றங்கரையோடு உறவுள்ள பேச்சு ஒருபக்கம் ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கிறது, மறுபக்கம் சூலு கடலில் மிதக்கிறது. இவ்வளவு தூரம் மனிதர்களைச் சுமந்தது படகு. அதனால்தான் அந்தக் கொட்டகையில் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

லேபாவின் உடல் கட்டப்படும் முறை, பலகை முதல், சட்டம் பிறகு. நாம் வீடு கட்டும்போது தூண் நட்டுவிட்டுச் சுவர் எழுப்புகிறோம். இங்கே சுவர் முதலில் எழுகிறது. ஒரே மரத்தைக் குடைந்து ஏரா. அதன் இரு முனையிலும் அணியத்துக்கும் அமரத்துக்கும் செதுக்கிய கட்டைகள். பிறகு பலகைமேல் பலகையாக விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்ளே மறைந்திருக்கும் மர ஆணிகளால் பூட்டுகிறார்கள். நீளப் பலகைகள் முடிந்ததும், முன்னும் பின்னும் மட்டும் உயர்ந்து நிற்கும் குறும்பலகைகள். நடுப்பகுதி தாழ்ந்தே இருக்கும். வலை இழுக்கவும் கடலில் குதித்து ஏறவும் அதுதான் வசதி. பலகைகள் உருவம் கொடுத்த பிறகுதான் வங்குகளை, அதாவது விலாச் சட்டங்களை, உள்ளே வளைத்து வைக்கிறார்கள். படகின் வடிவத்தை வங்கு தீர்மானிப்பதில்லை. தச்சரின் கண்தான் தீர்மானிக்கிறது.

"பாக்சிக் (மாமா), பலகை எந்த இடத்தில் எவ்வளவு வளையவேண்டும் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் வாய்ச்சியைக் கீழே வைத்துவிட்டு, என் கையை எடுத்து ஏராவுக்கும் முதல் பலகைக்கும் நடுவே வைத்தார். "இந்த இடம் தண்ணீரைப் பிளக்கும். இந்த இடம் தண்ணீர்மேல் உட்காரும். கையில் தெரிகிறதா?" என்றார். பிறகு, "என் அப்பா இப்படித்தான் காட்டினார். நான் இவனுக்குக் காட்டினேன். இந்தச் சின்னவனுக்கு இன்னும் கை பெரிதாகவேண்டும்" என்று பேரனைப் பார்த்துச் சொன்னார்.

பொதுவாக ஒரு லேபா 7 முதல் 10 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்கு மிகாத அகலமும் இருக்கும். ஒரு குடும்பம் முழுவதற்கும் அதுதான் வீடு. பக்க மிதவைச் சட்டம் கிடையாது. பவளத் திட்டுகளின் மேல் ஆழமில்லாத நீரில் கோல் ஊன்றித் தள்ளவும், ஆழத்துக்குப் போனால் பாய் விரிக்கவும் ஏற்ற தட்டையான அடி. அணியத்தின் மூக்கிலும் மேற்பலகைகளிலும் கொடியும் அலையும் பின்னிய செதுக்கல் வேலை உண்டு. அதை உக்கில் என்கிறார்கள். பாய்க்கு லாமாக் என்று பெயர்.

படகு பலகையோடு முடிவதில்லை. பாயின் வண்ணத் துணிகளை அளந்து தைப்பவர்கள் பெண்கள். படகின் தளத்தில் விரிக்கும் தெப்போ பாயைப் பாண்டான் தாழை ஓலையில் பின்னுபவர்களும் அவர்களே. எதிரே உள்ள ஓமாடால் தீவின் பாய்முடைவோர் சபா ஓவியர் யீ ஐ-லானோடு சேர்ந்து செய்த பாய்கள் இன்று கலைக்கூடங்களில் தொங்குகின்றன. மரப்படகில் நெருப்பு மூட்டிச் சமைப்பதற்கு லாப்போஹான் என்ற களிமண் அடுப்பு. செலாக்கான் தீவுப் பெண்கள் கையால் வனைந்தது அது. தணல் தளத்தில் விழாதபடி முன்பக்கம் அகலமான தட்டு வைத்த அமைப்பு. மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து அவிக்கும் பூத்து அதில்தான் வேகும். கொட்டகையின் பின்னால் தச்சரின் மனைவி, வெயிலுக்கு முகத்தில் அரிசிமாவுப் பூச்சு பூசியபடி, பூத்துவும் மீனும் எனக்கும் எடுத்துவைத்தார். "மாக்சிக்" (மாமி) என்று கூப்பிட்டதும் கூடுதலாக ஒரு துண்டு வைத்தார்.

இந்தத் தொழில் தேய்கிறது. முதல் காரணம் மரம். பாக்சிக் கேட்பது ஊபார் சூலுக், செராயா வகைச் செம்மரம். தாவாவிலிருந்து செம்போர்ணாவுக்கு வரும் சாலையின் இருபுறமும் நான் பார்த்தது செம்பனைத் தோட்டங்கள்தான். காடு தோட்டமானபின், ஏராவுக்கு வேண்டிய நீளத்தில் முடிச்சில்லாத மரம் கிடைப்பது அரிது. இரண்டாவது, இயந்திரம். மோட்டாருக்கு மெல்லிய ஒட்டுப்பலகைப் படகு போதும். விலையும் குறைவு, கட்டும் நாளும் குறைவு. மூன்றாவது, குடியிருப்பு. படகுவாசிகள் கால்நட்ட வீடுகளுக்கு மாறியதை மானிடவியலாளர் கிளிஃபர்ட் சாதர் செம்போர்ணாவின் பாங்காவ் பாங்காவ் கம்பத்தில் (கிராமத்தில்) 1964-இலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். வீடு கரைக்கு வந்தபின் லேபா வீடாக இருக்கவேண்டிய தேவை போய்விட்டது.

இன்று லேபா கட்டச் சொல்லி வருபவர்கள் பெரும்பாலும் திருவிழாவுக்காக வருகிறார்கள். 1994 முதல் செம்போர்ணாவில் ரெகாட்டா லேபா நடக்கிறது. ஏப்ரல் மாதத்தில் படகுகள் வண்ணக் கொடிகள் கட்டி வரிசையாக வரும். குலிந்தாங்கான் வாத்தியம் ஒலிக்க, அணியத்தில் நின்று பெண்கள் விரல்களை மடக்கி விரித்து ஈகால் ஆடுவார்கள். அழகான படகுக்குப் பரிசு. தச்சர் கட்டிய படகு ஒன்று முன்பு பரிசு வாங்கியிருக்கிறது. அந்தப் போட்டியில் பெயர் கொடுத்தவர் படகை வாங்கிய முதலாளி. பெயர் கொடுக்க ஐசி, அதாவது அடையாள அட்டை, வேண்டும். பாக்சிக்கிடம் ஐசி இல்லை.

அவருடைய அண்ணனிடம் இருக்கிறது. பதிவு செய்ய ஆட்கள் கம்பத்துக்கு வந்தபோது அண்ணன் கரையில் இருந்தார், தம்பி கடலில் இருந்தார். ஒரே தாய்க்கு, ஒரே கடலில் பிறந்த இருவரில் ஒருவர் மலேசியர், மற்றவர் எந்த நாட்டவரும் இல்லை. மகனுக்கும் பிறப்புப் பத்திரம் கிடையாது. பேரன் மர ஆணி சீவிக்கொண்டிருந்தது பள்ளி நாள் ஒன்றின் காலை நேரத்தில்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதற்கு வரலாறு தெளிவாகப் பதில் சொல்கிறது. படகுகள் முதலில் வந்தன, எல்லைகள் பின்னால் வந்தன. 1878-இல் சூலு சுல்தான் வட போர்னியோவை ஐரோப்பிய வணிகர்களிடம் எழுதிக் கொடுத்தார். 1885 மாட்ரிட் உடன்படிக்கையில் ஸ்பெயின் சூலுவை வைத்துக்கொண்டு வட போர்னியோ மீதிருந்த உரிமையை விட்டது. 1891-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போட்ட கோடு செபாத்திக் தீவை இரண்டாக வெட்டியது. 1963-இல் சபா மலேசியாவில் சேர்ந்தது. கடலட்டையும் கருவாடும் ஏற்றிக்கொண்டு எந்தத் தீவுகளுக்கு நடுவே லேபாக்கள் போய்வந்தனவோ, அதே தீவுகள் மூன்று நாடுகளாகிவிட்டன. 1970-களில் தென் பிலிப்பைன்ஸில் போர் மூண்டபோது சூலுவிலிருந்து பலர் உறவினர் இருந்த சபாவுக்கு ஓடிவந்தார்கள். அன்றுமுதல், எப்போதும் இங்கேயே இருந்தவரும் ஓடிவந்தவரும் பலர் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டனர். எல்லோரும் அந்நியர்.

ஆனால் தேவைப்பட்டபோது இவர்கள் அந்நியராக இருந்ததில்லை. சிப்பாடான், லிகித்தான் தீவுகளுக்காக மலேசியாவும் இந்தோனேசியாவும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடியபோது, அந்தத் தீவுகளில் பாஜாவ் லாவுத் மக்களின் நெடுநாள் புழக்கத்தையும் மலேசியா தன் தரப்பில் எடுத்துவைத்தது. 2002 டிசம்பர் 17-இல் தீவுகள் மலேசியாவுக்கு என்று தீர்ப்பானது. ஆமை முட்டை சேகரிப்பை வட போர்னியோ நிர்வாகம் முறைப்படுத்தி வந்ததும், பறவைச் சரணாலயமும் கலங்கரை விளக்கங்களும் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை. என்றாலும் இவர்களும் ஒரு சான்றாக அங்கே நிறுத்தப்பட்டார்கள். அறிவியலும் இவர்களைத் தேடி வந்தது. சுலாவெசியின் பாஜாவ் மக்களுக்கு அக்கம்பக்கத்து நிலவாசிகளைவிட மண்ணீரல் ஏறத்தாழ 50 சதவீதம் பெரிது, மூச்சடக்கி மூழ்க அது உதவுகிறது என்று 2018-இல் வந்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது.

2024 ஜூன் தொடக்கத்தில் செம்போர்ணா அருகே துன் சக்கரான் கடல் பூங்காவில் 138 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அவை பாஜாவ் லாவுத் குடும்பங்களின் வீடுகள். பூங்கா எல்லைக்குள் அனுமதியில்லாமல் கட்டியவை, எல்லைதாண்டிய குற்றங்களைத் தடுக்கவேண்டும் என்று அரசுத் தரப்பு காரணம் சொன்னது. குற்றம் பற்றிய அச்சம் கற்பனையல்ல. 2000-இல் சிப்பாடானில் ஆட்கடத்தல் நடந்தது, 2013-இல் லாஹாட் டத்துவில் ஆயுதக் குழு ஊடுருவியது. 2014-இல் சபாவின் கிழக்குக் கடலில் மாலை 6 முதல் காலை 6 வரை ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஆனால் ஆட்கடத்துபவனைத் தடுக்க, அகார்-அகார் கடற்பாசி காயவைக்கும் கிழவியின் வீட்டை ஏன் இடிக்கவேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு நியாயமான பதில் கிடைக்கவில்லை. அந்தப் பூங்கா அறிவிக்கப்பட்டது 2004-இல். வீடிழந்தவர்களின் மூதாதையர் அந்தத் திட்டுகளில் மீன் பிடித்தது அதற்கு வெகுகாலம் முன்பிருந்து.

மலேசியத் தமிழனாகிய எனக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தி இல்லை. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால்மரம் வெட்டி, உரிய காலத்தில் பதிய வழி தெரியாமல் குடியுரிமை தராத சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்த பாட்டிமார்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியிலும் வேலையிலும் கதவு மூடப்பட்ட பிள்ளைகளை இன்றும் அறிவோம். எழுத்தில் பதிவாகாத மனிதன் கண்முன் நின்றாலும் அரசுக்கு இல்லாதவன்தான் என்பதை நாம் அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள். அந்த அனுபவம் நம்மை இவர்கள் பக்கம் நிறுத்தவேண்டும்.

கொட்டகையை விட்டுக் கிளம்புமுன் பாக்சிக்கிடம், படகுத் தொழில் அழிந்துவிடும் என்று பயமா என்று கேட்டேன். "மரம் கொடுத்தால் நான் கட்டுவேன். பேரனுக்கு ஐசி கொடுத்தால் அவன் இங்கேயே இருந்து கட்டுவான். ஐசி இல்லாவிட்டால் ஒருநாள் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் மரம் இருந்து என்ன?" என்றார்.

கைத்தொழில்களைக் காப்பது பற்றிப் பேசும்போது நாம் கண்காட்சி, பரிசு, அருங்காட்சியகம் என்று பேசுகிறோம். லேபாவுக்கு அவையெல்லாம் கிடைத்துவிட்டன. கிடைக்காதது கட்டுபவனின் பெயர் எழுதிய ஒரு காகிதம். அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. மலேசியாவில் பிறந்து வேறு எந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லாத பிள்ளை, சட்டத்தின் இயல்பிலேயே மலேசியக் குடிமகன் என்று நம் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அதைக் கடற்கரைக் கம்பங்களிலும் நடைமுறைப்படுத்துங்கள். பதிவு செய்பவர்கள் படகில் ஏறிப் போகட்டும், கடலில் இருப்பவர் கரைக்கு வரும்வரை காத்திருக்கட்டும். படகை நம் மரபு என்று ஏற்றுக்கொண்டோம். அதைக் கட்டுகிறவரையும் நம்மவர் என்று ஏற்றுக்கொள்வதே நியாயம்.