முப்பது நாள் அறிவித்தல்

பத்திரிகை மேசையில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு அந்த மூலை பரிச்சயமானது. ஏல விற்பனைக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவே, கண்ணை வருத்தும் சிற்றெழுத்தில் அரசாங்க அறிவித்தல்கள் கிடக்கும். பிழை திருத்துபவரைத் தவிர வேறெவரும் அவற்றை முழுமையாக வாசிப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் பழைய பகிடி.

இலங்கையின் சுற்றாடல் சட்டம் மக்களோடு பேசுவதும் அந்த மூலையிலிருந்துதான். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்கள் மதிப்பீட்டுக்கு உட்பட்டன. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, 30 நாட்கள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறிவித்தலை வாசிக்க ஊரில் மக்கள் இருப்பார்கள் என்று அது நம்புகிறது.

சம்பூரில் மக்கள் இருக்கவில்லை. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சி அவர்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவின் தேசிய அனல் மின் கழகத்துடன் சேர்ந்து திருகோணமலையில் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இலங்கை உடன்பட்டது. பின்னர் அதற்குத் தெரிவான இடம் சம்பூர். கொள்ளளவு 500 மெகாவாட். 2007 மே மாதம் அப்பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரக் கூரையின் கீழ் இருந்தவர்களுக்குத் தம் வீட்டு வளவையே பார்க்க அனுமதியில்லை. கொட்டியாரக்குடா நீரின் வெப்பம் பற்றி அவர்களிடம் யார் கேட்பது?

மீள்குடியேற்றம் 2015 இல்தான் தொடங்கியது. ஒரு சுற்றாடல் அமைப்பு தொடுத்த வழக்கில், மின்நிலையம் அமைக்கப்படமாட்டாது என 2016 செப்டெம்பரில் அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. (தமிழக வாசகர்கள் இதை உச்ச நீதிமன்றம் என்று கொள்க.) 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

நிலக்கரி பெரிய விடயம். அதனால் பலருடைய கண்ணில் பட்டது. எனக்குக் கவலை சிறியவற்றைப் பற்றியது. மகாவலி கடலோடு கலக்கும் முகத்துவாரம் முதல் தம்பலகாமம் வரை, கண்டலும் களப்பும் தாழ்நிலமுமாகக் கிடக்கிறது இந்த மாவட்டத்தின் கரை. இறாலும் நண்டும் குஞ்சு பெருகுவது அங்கேதான். மாரி வெள்ளம் தங்கி வடிவதும் அங்கேதான்.

1993 ஆம் ஆண்டு வர்த்தமானி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவதையே மதிப்பீட்டுக்குரியதாகப் பட்டியலிட்டது. அது ஏறத்தாழ பத்து ஏக்கர். கரையோர வலயத்துக்கு வேறு சட்டம் உண்டு. ஆற்றங்கரை முதலிய சில இடங்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. எஞ்சிய இடங்களில் இரண்டு ஏக்கரை இவ்வருடம் ஒருவரும், அடுத்த இரண்டை மறுவருடம் இன்னொருவரும் நிரப்பினால், வேறு அனுமதிகள் வேண்டியிருக்கலாம். 30 நாள் அறிவித்தல் வேண்டியதில்லை.

ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கிறவல் வந்து கொட்டப்படும். ஊரவர்கள் இப்போது ஊரில்தான் இருக்கிறார்கள். பத்திரிகையின் அந்த மூலையில் அவர்கள் வாசிப்பதற்கு ஒன்றும் இராது.