ஷட்டருக்கும் மூட்டுப் பிடிப்பு உண்டு!

தையல் மெஷின் மக்கர் பண்ணினால் நாம் பயப்படுவதில்லை. ஊசி மழுங்கிவிட்டதா, நூல் சிக்கியதா, பாபின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். மிக்ஸி நின்றால்கூட முதலில் பிளக்கைத்தான் தொட்டுப் பார்ப்போம். ஆனால் காமிரா என்றதும், "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஏனோ? அதுவும் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரு மெஷின்தானே!

எங்கள் வீட்டில் இருப்பது யாஷிகா 635. 1958-ல் ஜப்பானில் வெளிவந்த மாடல். இரட்டைக் கண் காமிரா. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. 120 பிலிம் போட்டால் 6 சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டே படங்கள். என் மாமனார் ஸ்டூடியோ வைத்திருந்த நாட்களில் ஊரில் பாதிக் கல்யாணங்கள் இதில்தான் பதிவாயின. அவர் போன பிறகு, தோல் உறையோடு பீரோவுக்குள் போய்விட்டது.

என் மாமியாருக்கு 82 வயது. க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய். சொட்டு மருந்து இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனது திரும்பாது. ஓரப் பார்வையெல்லாம் போய், நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் அவருக்குத் தெரிகிறது. ஒருநாள் திடீரென்று கேட்டார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் படம் எடுத்தாரே உங்க மாமா, என்னைத் தனியா ஒரு படம் எடுத்தாரா? ஆதார் கார்டுல இருக்கிறது நானா, வேற யாரோவான்னே தெரியல. கண்ணு முழுசாப் போறதுக்குள்ள அந்தக் காமிராவுல ஒண்ணு எடுத்துக் குடு. நானே பார்த்துக்கறேன்."

"பெரிசாப் போட்டுத் தரேன் அத்தை" என்றேன்.

"பெரிசு வேண்டாம். எனக்கு மூக்கு மட்டும்தான் தெரியும். கை அகலம் போதும்!"

போனில் எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவர் கேட்டது அதை அல்லவே!

பிலிம் இன்று விலை அதிகம். எங்கள் ஊரில் கழுவித் தருகிறவர்களும் இல்லை. பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் பிலிம் போடாமலே சோதித்துவிட முடிவு செய்தேன். நீங்களும் இப்படிச் செய்யலாம். காமிராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வையுங்கள். ஜன்னல் பக்கமாகக் காமிராவைத் திருப்பிப் பின்னாலிருந்து பாருங்கள். வேகத்தை முதலில் வைத்துவிட்டு, பிறகு லென்ஸ் ஓரத்தில் உள்ள சின்ன நெம்பை இழுத்து ஷட்டரை முறுக்கி, பட்டனை அழுத்துங்கள். மெல்லிய எஃகு இதழ்கள் பூப்போல விரிந்து மூடும்.

1/125, 1/250 எல்லாம் 'டிக்' என்று அருமையாக அடித்தன. ஒரு விநாடிக்கு வைத்தேன். 'இர்ர்ர்' என்று சீராக ஓடி மூட வேண்டியது, 'இர்... ர்...' என்று முனகி, இதழ்கள் திறந்தபடியே நின்று, நிதானமாக மூடியது. கட்டிலில் படுத்திருந்த மாமியார் தலையைத் தூக்கினார்.

"இது ஒரு விநாடி இல்லையே! மூணு ஆகுதே. உங்க மாமா கையில இது இப்படி முனகாது."

கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். சரியாக மூன்று! முப்பது வருஷம் ஸ்டூடியோவின் இருட்டறையில் படங்களைக் கழுவிக் காயவைத்தவர் அவர். கண் மங்கினாலும் காது மறக்கவில்லை.

வேகமானவை ஓடி, மெதுவானவை மட்டும் திணறுவது ஏன்? ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே ஒரு சின்னப் பல்சக்கர வரிசை பிடித்து நிறுத்துகிறது. வேகம் குறையக் குறைய அதற்கு வேலை அதிகம். பல வருஷம் சும்மா கிடந்தால் அதிலுள்ள எண்ணெய்ப் பசை காய்ந்து கோந்தாகிவிடும். காலையில் எழுந்ததும் நம் முழங்கால் பிடித்துக்கொள்கிறதே, அதே கதைதான்!

"தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டாப் போச்சு அண்ணி" என்றார் என் கொழுந்தனார். கூடவே கூடாது என்று தடுத்தேன். எண்ணெய் இதழ்களுக்குப் பரவினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த வேகங்களும் போய்விடும். இதழ்கள் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். "அப்ப ஃப்ளாஷ் போட்டு வேகமா எடுத்துடலாமே?" என்றார். அத்தையின் கண்ணுக்கு வெளிச்சம் பட்டாலே கூசும். வெயிலும் ஆகாது. ஜன்னலோர நிழலில்தான் எடுக்க முடியும். அதற்கு 1/8 விநாடியாவது வேண்டும். கெட்டுக் கிடந்தது அதுதான்!

பத்து இருபது முறை அழுத்தி ஓடவிட்டதில் கொஞ்சம் இளகியது. மறுநாள் காலையில் பழையபடி முனகல். பட்டணத்தில் ஒரு பழைய காமிரா மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஷட்டரைப் பிரித்து, காய்ந்த பசையைக் கழுவி, சக்கரங்களின் அச்சு முனைகளில் மட்டும் ஊசி நுனியளவு கடிகார எண்ணெய் வைத்தார். பத்து நாளில் திரும்ப வந்தது. ஒரு விநாடிக்கு வைத்து, அத்தையின் காதருகே பிடித்தேன்.

"ம்... இப்பதான் அவரோட காமிரா" என்றார்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு, காமிராவை ஸ்டாண்டில் வைத்து, கை அசையாமலிருக்கக் கேபிள் ரிலீஸ் மாட்டி, பன்னிரண்டையும் அவருக்கே எடுத்தேன். இரண்டில் கண்ணை மூடிவிட்டார். மற்ற பத்தும் பளிச்! கை அகலப் படத்தை மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தவர், "எங்கம்மா மாதிரியே ஆயிட்டேனே!" என்று சிரித்தார். படம் இப்போது அவர் தலையணைக்குப் பக்கத்தில்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காமிரா இருந்தால், இவற்றை நினைவில் வையுங்கள்:

பட்டன் அழுத்தியும் சத்தமே இல்லையா? ஷட்டரை முறுக்கினீர்களா என்று பாருங்கள். இந்த மாடலில் பிலிம் சுற்றுவது வேறு, ஷட்டர் முறுக்குவது வேறு. சுற்றாமல் முறுக்கினால் ஒரே இடத்தில் இரண்டு படம் விழும்.

இன்றைய எலெக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு நெம்பு 'எக்ஸ்' பக்கம் இருக்கட்டும். 'எம்' என்பது பழைய பல்புக்கு. அதில் வைத்தால் ஷட்டர் திறக்குமுன் ஃப்ளாஷ் அடித்து ஓய்ந்துவிடும், படம் இருட்டு.

'வி' என்பது தானாக எடுத்துக்கொள்ளும் வசதி. பழைய காமிராவில் அதைத் தொடாதீர்கள். பாதியில் சிக்கிக்கொண்டால் ஷட்டரே நின்றுவிடும்.

விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் உங்கள் போனில் இருந்தால், பின்கதவு வழியே ஷட்டரைப் படமெடுங்கள். 1/30-க்கு வெளிச்சம் ஏறக்குறைய 8 படங்களில் தெரிய வேண்டும். 16-ல் தெரிந்தால், இரண்டு மடங்கு நேரம் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

தோல் உறையில் வைக்காதீர்கள். ஈரம் தங்கி லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஷட்டரை முறுக்கியபடி விட வேண்டாம்.

மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் நாலு தடவை ஓடவிடுங்கள். நடந்துகொண்டே இருந்தால் முழங்கால் பிடிக்காது என்று டாக்டர் நமக்குச் சொல்கிறாரே, ஷட்டருக்கும் அதே வைத்தியம்தான்!